சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு செனேகா

ரோமானியத் துன்பியல் நாடகங்களைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதுவதைப் படித்தால் ஒரே பெயரை இரண்டு விதமாக அச்சிட்டிருப்பது கண்ணில் படும். சில இடங்களில் வெறுமே செனேகா, அதாவது பேரரசர் நீரோவுக்கு அறிவுரை சொன்ன தத்துவஞானி. சில இடங்களில் சதுர அடைப்புக்குறிக்குள் செனேகா. முதலாவதற்கு 'இது அவர் எழுதியது' என்று பொருள். இரண்டாவதற்கு 'ஏட்டில் அவர் பெயர்தான் இருக்கிறது, ஆனால் நாங்கள் நம்பவில்லை' என்று பொருள். அவர் பெயரில் நமக்கு வந்து சேர்ந்தவை பத்து நாடகங்கள். எட்டுக்கு அடைப்புக்குறி கிடையாது. 'ஈட்டா மலையில் ஹெர்குலிஸ்', 'ஆக்டேவியா' இரண்டுக்கும் உண்டு.

நான் லத்தீனை முறையாகப் படித்தவன் இல்லை. இடது பக்கம் மூலமும் வலது பக்கம் ஆங்கிலமுமாக அச்சிட்ட பதிப்பை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் போகிறவன். அப்படிப் போய் 'ஆக்டேவியா'வை முடித்த பிறகு, இதை எழுதியது யார் என்ற கேள்வி என்னை விடவில்லை. கூடவே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தப்பான பெயர் ஒட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்த நாடகம் இன்றைக்கு இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்வதற்கு முன் எவ்வளவு தொலைந்து போயிற்று என்று பார்த்துவிட வேண்டும்.

ரோமில் நாடகம் கி.மு. 240இல் லிவியஸ் ஆண்ட்ரோனிகஸோடு தொடங்கியது என்பது மரபு. அதற்கப்புறம் நேவியஸ், என்னியஸ், பக்கூவியஸ், அக்கியஸ் என்று பெரிய பெரிய ஆட்கள். இவர்களில் ஒருவருடைய துன்பியல் நாடகம் ஒன்றுகூட முழுசாகக் கிடைக்கவில்லை. சிசரோவும் இலக்கண ஆசிரியர்களும் போகிற போக்கில் எடுத்துக்காட்டிய அடிகள்தான் மிச்சம். ஓவிட் ஒரு 'மெடியா' எழுதினார். பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் அதைப் புகழ்கிறார். நமக்குக் கிடைத்திருப்பது இரண்டு அடி. வேரியஸ் எழுதிய 'தைஸ்டஸ்' ஆக்டியம் போர் வெற்றிக்கான விழாவில் கி.மு. 29இல் மேடையேறியது. அதற்குப் பரிசு பத்து லட்சம் செஸ்டர்ஸ். கிரேக்கர்களுடைய எந்த நாடகத்தோடும் அதை ஒப்பிடலாம் என்கிறார் குவின்டிலியன். அதுவும் போயிற்று. அந்த நாடகத்தைச் சுற்றியே ஒரு திருட்டு வதந்தியும் உண்டு: பார்மாவைச் சேர்ந்த காசியஸ் என்ற கவிஞரைக் கொல்லப் போன இடத்தில் அவருடைய எழுத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், 'தைஸ்டஸ்' அதிலிருந்து வந்தது என்று ஹொரேஸுக்கான பழைய உரைக்குறிப்பு ஒன்று சொல்கிறது. உண்மையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் யார் எழுதியது என்ற சந்தேகம் ரோமானியத் துன்பியலுக்குப் பிற்காலத்தில் வந்த நோய் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆக, முழுத் துன்பியல் நாடகமாக நம் கையில் இருப்பவை அந்தப் பத்துதான். (பத்திலும் 'ஃபீனீசியப் பெண்கள்' கோரஸே, அதாவது குழுவாகப் பாடும் பகுதியே, இல்லாமல் அரைகுறையாக நிற்கிறது.) அவற்றில் ஒன்பது கிரேக்கப் புராணக் கதைகள். பத்தாவதான 'ஆக்டேவியா' மட்டும் ரோமானிய வரலாறு. இப்படிச் சொந்த ஊர்ச் சரித்திரத்தை நாடகமாக்கும் வகைக்கு, அதிகாரிகள் உடுத்திய ஊதாக்கரை அங்கியின் பேரால் பிரெடெக்ஸ்டா என்று பெயர். நேவியஸ் காலத்திலிருந்து பலர் எழுதியிருக்கிறார்கள். முழுசாக மிஞ்சியது இது ஒன்றே.

கதை நடப்பது கி.பி. 62இல். ஆக்டேவியா பேரரசர் கிளாடியஸின் மகள். தாய் மெஸ்ஸலினா கொல்லப்பட்ட பிறகு கிளாடியஸ் தன் சொந்த அண்ணன் மகளான அக்ரிப்பினாவை மணந்துகொண்டார். அவளுடைய முந்தைய கணவனுக்குப் பிறந்த பிள்ளை நீரோ. 53இல் ஆக்டேவியாவை அவனுக்கே கட்டிவைத்தார்கள். அடுத்த ஆண்டு கிளாடியஸ் இறந்தார், நஞ்சு என்றார்கள். 55இல் ஆக்டேவியாவின் தம்பி பிரிட்டானிகஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே சுருண்டு விழுந்து செத்தான். 59இல் நீரோ பெற்ற தாயையே கொன்றான். 62இல் பொப்பேயாவை மணப்பதற்காக ஆக்டேவியாவைத் தள்ளிவைத்தான். நாடகம் இந்தக் கடைசிக் கட்டத்தை மூன்று நாளுக்குள் அடக்குகிறது. ஆக்டேவியா புலம்புகிறாள், செவிலி தேற்றுகிறாள். மக்கள் அவளுக்காகக் கொதித்து எழுந்து பொப்பேயாவின் சிலைகளை உடைக்கிறார்கள். அந்தக் கலகத்தையே சாக்காக வைத்து நீரோ அவளைப் பாண்டத்தேரியா தீவுக்கு அனுப்புகிறான். இன்றைய வென்டோடெனே அதுதான். அவள் சாவது மேடையில் வராது. கப்பல் புறப்படுகிறது, கோரஸ் காற்றைக் கூப்பிட்டு, இவளை ஆலிஸுக்கோ டாரிஸுக்கோ கொண்டுபோ என்கிறது. நரபலிக்குப் பேர்போன அந்த ஊர்கள் ரோமைவிட இரக்கமுள்ளவையாம். அங்கே பலியாவது அந்நியர்கள். ரோம் தன் குடிமக்களின் ரத்தத்திலேயே மகிழ்கிறது. நாடகத்தின் கடைசி அடி, 983ஆவது அடி, இதுதான்.

இதை எழுதியது செனேகா இல்லை என்பதற்கு முதல் சாட்சி ஒரு பேய். நடுவில் அக்ரிப்பினாவின் ஆவி பாதாளத்திலிருந்து தீவட்டியோடு வந்து மகனைச் சபிக்கிறது. அவன் சலவைக்கல்லால் மாளிகை கட்டட்டும், பொன்னால் போர்த்தட்டும், பார்த்தியர்கள் வந்து அவன் கையைப் பணிந்து நிற்கட்டும். ஒரு நாள் வரும், அன்றைக்குக் கசையடியும் கேவலமான ஓட்டமும் தாகமும் அவனுக்குக் காத்திருக்கின்றன, எல்லோராலும் கைவிடப்பட்டு, ஒன்றுமில்லாதவனாகத் தன் குரல்வளையைப் பகைவர்களுக்குக் கொடுப்பான் என்கிறது. இப்போது சூட்டோனியஸ் எழுதிய நீரோ வரலாற்றைத் திறந்து பாருங்கள். செனட் அவனைப் பழைய வழக்கப்படி அடித்தே கொல்வது என்று தீர்மானிக்கிறது. மாறுவேடத்தில் ஓடுகிறான். வழியில் தாகத்துக்குக் குட்டைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிக்கிறான். கடைசியில் தொண்டையில் கத்தியைச் செருகிக்கொள்கிறான். இதெல்லாம் 68 ஜூனில். பொன் மாளிகை 64ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பிறகு எழுந்தது. பார்த்திய அரச குடும்பத்தைச் சேர்ந்த டிரிடேட்ஸ் ரோமுக்கு வந்து நீரோ முன் மண்டியிட்டது 66இல். செனேகா நீரோவின் கட்டளைப்படி ரத்தக்குழாயை அறுத்துக்கொண்டு செத்தது 65 ஏப்ரலில்.

பேய்க்கு எதிர்காலம் தெரியாதா, கவிஞர் ஊகித்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கு இன்னொரு தீர்க்கதரிசனம் நினைவுக்கு வரும். அடைப்புக்குறி இல்லாத செனேகாவின் 'மெடியா'வில் கோரஸ் பாடுகிறது: நெடுங்காலம் கழித்து ஒரு யுகம் வரும், பெருங்கடல் தன் கட்டுகளை அவிழ்க்கும், புதிய உலகங்கள் வெளிப்படும், தூலேதான் பூமியின் கடைசி எல்லை என்பது இல்லாமல் போகும். கொலம்பஸ் இந்த அடிகளைத் தன் தீர்க்கதரிசனத் தொகுப்பில் எழுதிவைத்துக்கொண்டார். அவருடைய மகன் ஃபெர்டினாண்ட், தன்னிடமிருந்த செனேகா பிரதியின் ஓரத்தில், இந்த வாக்கை 1492இல் என் தந்தை நிறைவேற்றினார் என்று குறித்துவைத்தான். அதற்காக 'மெடியா' 1492க்குப் பிறகு எழுதியது என்று யாரும் சொல்வதில்லையே?

வித்தியாசம் விவரத்தில் இருக்கிறது. புதிய உலகம் வரும் என்று யார் வேண்டுமானாலும் பாடலாம். குட்டைத் தண்ணீர் குடிக்கப் போகிறவனுக்குத் தாகத்தையும், சவுக்கடித் தீர்மானத்துக்கு ஆளாகப் போகிறவனுக்குச் சவுக்கையும், தொண்டையில் குத்திக்கொண்டு சாகப் போகிறவனுக்குத் தொண்டையையும் சரியாக எடுத்துக் கொடுப்பது ஊகம் இல்லை, செய்தி தெரிந்து எழுதுவது. சரி, அந்த இடம் மட்டும் இடைச்செருகலாக இருக்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. அதே நாடகத்தில் நீரோ, ஊர் என் தீயில் சரியட்டும் என்று கறுவுகிறான். பொப்பேயா கெட்ட கனவு காண்கிறாள். பின்னால் நடந்ததைத் தெரிந்துவைத்துக்கொண்டு எழுதுகிற கை முழு நாடகத்திலும் தெரிகிறது.

யாப்பும் இதையே சொல்கிறது. செனேகா கோரஸ் பாடல்களில் வகை வகையான யாப்புகளை மாற்றி மாற்றிப் போடுவார். 'ஈடிபஸ்', 'அகமெம்னன்' இரண்டிலும் ஒரே பாட்டுக்குள் பல யாப்புகளைக் கலந்து விளையாடியிருக்கிறார். 'ஆக்டேவியா'வில் பாட்டு என்று வந்தால் அனபீஸ்ட் என்ற யாப்பு ஒன்றுதான், வேறு கிடையாது. சொல்வளமும் குறைவு. அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. செனேகாவுக்கே உரிய, கத்தி போல வெட்டும் ஒற்றை வரிகளும் அபூர்வம். அரைகுறை லத்தீனோடு படிக்கிற எனக்கே, 'தைஸ்டஸ்' முடித்த கையோடு இதை எடுத்தபோது குரல் மாறிவிட்டது உறைத்தது. அங்கே இருந்த இரைச்சல் இங்கே இல்லை. இது தணிந்து, வருத்தத்தோடு பேசுகிற நாடகம்.

இந்தச் சந்தேகம் புதிதும் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், செத்துப்போன செனேகாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். (பழைய ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுவது அவருக்குப் பழக்கம்.) அதில் 'ஆக்டேவியா' பற்றிய தயக்கம் இருக்கிறது. அடுத்த தலைமுறையில் ப்ளாரன்ஸின் கொலுச்சோ சலுடாட்டி, நீரோவின் சாவு இதில் வருகிறது, ஆகவே தத்துவஞானி செனேகா எழுதியிருக்க முடியாது என்று பட்டென்று சொல்லிவிட்டார். அப்போது அவர்கள் கையில் இருந்த பிரதிகள் எல்லாமே பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆய்வாளர்கள் ஏ என்று அழைக்கும் அந்தக் குடும்பத்தில் 'ஆக்டேவியா' ஒன்பதாவது நாடகமாக உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு கிளை, 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டு இப்போது ப்ளாரன்ஸ் லாரென்ஷிய நூலகத்தில் இருக்கும் எட்ருஸ்கஸ் என்ற ஏடு. 17ஆம் நூற்றாண்டில் குரொனோவியஸ் என்ற பதிப்பாசிரியர் அதன் அருமையை உணர்ந்து அதைத் தன் பதிப்புக்கு அடிப்படையாக்கினார். அந்த ஏட்டில் நாடகங்கள் ஒன்பதுதான். 'ஆக்டேவியா' இல்லவே இல்லை.

இந்த இடத்தில் 'ஆக்டேவியா' கதை முடிந்தது, மீதி எட்டும் செனேகாதான் என்று போய்விடலாம். ஆனால் அந்த 'தான்' எதன் மேல் நிற்கிறது என்று தேடினால் ஆச்சரியமாக இருக்கும். செனேகா பக்கம் பக்கமாக உரைநடை எழுதினார், கடிதங்கள் எழுதினார். தான் எந்த ஊருக்குப் போனேன், எந்தக் குளியலறைச் சத்தத்தில் தூக்கம் கெட்டது என்பதுவரை சொல்கிற மனிதர், தான் துன்பியல் நாடகம் எழுதியதாக ஓரிடத்திலும் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், நீரோவுக்குக் கவிதை ஆசை வந்ததும் இவரும் அடிக்கடி கவிதை எழுத ஆரம்பித்தார் என்று எதிரிகள் புகார் சொன்னதாக எழுதுகிறார். நாடகம் என்ற சொல் இல்லை. குவின்டிலியன் துன்பியல் ஆசிரியர்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் செனேகா பெயர் இல்லை. அவரைத் தனியாக எடுத்துப் பேசும்போது சொற்பொழிவு, கவிதை, கடிதம், உரையாடல் எல்லாம் எழுதினார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

அப்படியானால் சாட்சி? அதே குவின்டிலியன்தான், வேறு இரண்டு இடங்களில். ஓரிடத்தில் அணி ஒன்றுக்கு உதாரணமாக, 'செனேகாவில் மெடியா சொல்வது போல' என்று ஓர் அடியைக் காட்டுகிறார். அந்த அடி இன்றைக்கும் நம் 'மெடியா'வில் இருக்கிறது. இன்னோர் இடத்தில், தான் இளைஞனாக இருந்தபோது பொம்போனியஸ் என்ற நாடகாசிரியரும் செனேகாவும் துன்பியலில் ஒரு சொல்லாட்சி பொருந்துமா பொருந்தாதா என்று முன்னுரைகளில் வாதிட்டுக்கொண்டதை நினைவுகூர்கிறார். நேரில் கண்டு வளர்ந்தவரின் வாக்குமூலம் இது. இன்னொரு சின்னச் சாட்சி பாம்பேய் சுவரில். 'ஈடா மலைக் காடுகளைக் காண்கிறேன்' என்று 'அகமெம்னன்' நாடகத்தில் கசாண்ட்ரா சொல்லும் சொற்களை யாரோ கிறுக்கிவைத்திருக்கிறார்கள். 79இல் வெசூவியஸ் ஊரை மூடுவதற்கு முன்பே இந்த நாடகம் தெருவரைக்கும் வந்துவிட்டது. யார் எழுதியது என்று சுவர் சொல்லவில்லைதான். எனக்கு அந்தக் கிறுக்கல் மேல் ஒரு தனிப் பிரியம்.

இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குவதால்தான் நடுவில் பெரிய குழப்பங்கள் நடந்தன. செனேகா பிறந்த ஸ்பெயினின் கோர்டோபா ஊரைப் பாடும்போது கவிஞர் மார்ஷியல், இரண்டு செனேகாக்களையும் ஒரே ஒரு லூக்கனையும் அந்த ஊர் பேசுகிறது என்றார். அவர் சொன்னது அப்பா செனேகாவையும் மகன் செனேகாவையும். அப்பா சொற்பொழிவுப் பயிற்சிகளைத் தொகுத்தவர், மகன் தத்துவஞானி. ஐந்தாம் நூற்றாண்டில் சிடோனியஸ் அப்போலினாரிஸ் இதே ஊரைப் பாடினார்: ஒருவர் நீரோவுக்கு வீணாக அறிவுரை சொன்ன தத்துவஞானி, இன்னொருவர் யூரிபிடீஸின் மேடையை அதிரவைத்தவர். மார்ஷியலின் 'இரண்டை' அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று பலர் நினைக்கிறார்கள். இடைக்காலத்திலோ நேர் எதிர்: அப்பாவின் நூல்களையும் மகன் கணக்கில் சேர்த்து ஒரே செனேகாவாக்கிவிட்டார்கள். பிறகு மறுமலர்ச்சிக்கால அறிஞர்கள் தத்துவஞானி வேறு, நாடகாசிரியர் வேறு என்று மகனை இரண்டாகப் பிளந்தார்கள். 1588இல் யுஸ்டஸ் லிப்சியஸ் இன்னும் ஒரு படி மேலே போய் 'மெடியா' ஒருவர், மற்றவை வேறு கைகள் என்று நாடகங்களையே பங்குபோட்டார். ஔவையார் எத்தனை பேர் என்று கேட்டுப் பழகிய நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி எதுவும் இருக்காது.

தத்துவஞானியால் இப்படி எழுத முடியாது என்பதுதான் அந்தப் பிளவுக்குப் பின்னால் இருந்த உண்மையான தயக்கம் என்று எனக்குப் படுகிறது. சினத்தை அடக்கு என்று மூன்று புத்தகம் எழுதியவர், அண்ணன் ஏட்ரியஸ் தம்பி தைஸ்டஸின் மகன்களை வெட்டிச் சமைத்து அந்தத் தம்பிக்கே பரிமாறி ரசிப்பதை எப்படி எழுதுவார்? என்னைக் கேட்டால் அவரால்தான் முடியும். சினத்தைப் பற்றிய அந்த நூலைத் திறந்தால் முகம் சிவப்பது, பல் நெறிப்பது, கண் எரிவது என்று ஒரு மருத்துவர் போலக் குறித்துவைத்திருப்பார். அந்த நூலிலேயே அக்கியஸின் 'ஏட்ரியஸ்' நாடகத்திலிருந்து புகழ்பெற்ற ஓர் அடியை எடுத்து, 'பயப்படும்வரை என்னை வெறுத்துக்கொள்ளட்டும்' என்ற அந்தக் கொடுங்கோல் வாக்கை, இது சர்வாதிகாரி சுல்லாவின் காலத்தில் எழுதியது என்று பார்த்தாலே தெரிகிறது என்று வைகிறார். கொடுங்கோலன் மேடையில் எப்படிப் பேசுவான் என்று காதால் கேட்டு வைத்திருக்கிற ஆள். 'தைஸ்டஸ்' நாடகத்தில் வரும் அவருடைய ஏட்ரியஸ் அந்தக் காதிலிருந்து பிறந்தவன்.

உள்ளிருந்து கிடைக்கும் சாட்சிகளும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. 1981இல் ஜான் ஃபிட்ச் ஒரு எளிய வேலை செய்தார். வாக்கியம் அடியின் கடைசியில் முடிகிறதா, நடுவிலேயே முடிகிறதா என்று எண்ணினார். கவிஞர்களுக்குக் கை பழகப் பழக நடுவில் முடிவது கூடுகிறது. சொஃபோக்ளிஸிலும் ஷேக்ஸ்பியரிலும் அப்படித்தான். செனேகா நாடகங்களை அப்படி அடுக்கினால் 'அகமெம்னன்', 'ஃபீட்ரா', 'ஈடிபஸ்' முன்னே வருகின்றன, 'தைஸ்டஸ்', 'ஃபீனீசியப் பெண்கள்' கடைசியில் போய் நிற்கின்றன. ஒருவர் வளர்ந்த பாதை போலத்தான் அது தெரிகிறது. ஆறு பேர் எழுதியதை ஒரு கட்டாகக் கட்டினால் இப்படி வரிசையாக அமைவது கடினம்.

சரி, 'ஆக்டேவியா'வுக்குத் திரும்புவோம். அதில் எனக்குப் பிடித்த இடம் 377ஆவது அடியில் தொடங்குகிறது. செனேகாவே பாத்திரமாக மேடைக்கு வருகிறார். பொல்லாத விதியே, என் நிலையில் நான் நிம்மதியாகத்தானே இருந்தேன், எதற்கு என்னைச் சிரித்து மயக்கி உயரத்தில் ஏற்றினாய், கார்சிகாக் கடலின் பாறைகளுக்கு நடுவே ஒளிந்திருந்ததே மேல் என்று அங்கலாய்க்கிறார். 41 முதல் 49 வரை உண்மைச் செனேகா கார்சிகாவில் நாடு கடத்தப்பட்டிருந்தார். அங்கிருந்து தாய்க்கு எழுதிய ஆறுதல் நூலில் வானத்தை அண்ணாந்து பார்க்க முடிகிற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பார். நாடகச் செனேகாவும் அங்கே வானத்தையும் கோள்களின் ஓட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் ஏக்கத்தோடு நினைக்கிறார். எழுதியவர் செனேகாவை ஊன்றிப் படித்தவர்.

அப்புறம் நீரோ நுழைகிறான். வாயைத் திறந்ததும் தன் காலத்துப் பிரபுக்களான பிளாட்டஸ், சுல்லா (இவன் வேறு சுல்லா) இருவர் தலையையும் வெட்டிக் கொண்டுவரச் சொல்கிறான். செனேகா தடுக்கப் பார்க்கிறார். ஆளுக்கு அரை அடியாக இருவரும் மோதுகிறார்கள். அரசனைக் காப்பது வாள். அதைவிட விசுவாசம் நன்றாகக் காக்கும். சீசருக்கு எல்லோரும் அஞ்ச வேண்டும். அதைவிட அன்பு காட்ட வேண்டும். செனேகா பேசுவதெல்லாம் உண்மைச் செனேகா இளம் நீரோவுக்காக எழுதிய கருணை பற்றிய நூலின் சரக்கு. அகஸ்டஸைப் பார், கருணையால் எப்படி உயர்ந்தார் என்கிறார். நீரோ அந்த அகஸ்டஸ் அந்த இடத்துக்கு வருவதற்கு எத்தனை பேரைக் கொன்றார் என்று பட்டியல் போடுகிறான். பட்டியல் சரியாகவே இருக்கிறது. செனேகாவிடம் அதற்குப் பதில் இல்லை. கடைசியில் நீரோ சொல்வான்: போதும், என்னை ரொம்பத்தான் நெருக்குகிறாய்; செனேகாவுக்குப் பிடிக்காததைச் செய்யவும் எனக்கு வழி இருக்கட்டும். அதோடு செனேகா மேடையை விட்டுப் போய்விடுகிறார். திரும்பி வருவதே இல்லை.

ஒரு மனிதர் தன்னையே இப்படி எழுதிக்கொள்ள மாட்டார் என்று நான் சொல்லவில்லை. எழுதலாம். ஆனால் இதில் இருக்கிற பார்வை வெளியிலிருந்து வருகிறது. மரியாதை இருக்கிறது, பாசம்கூட இருக்கிறது, கூடவே உன் தத்துவத்தால் ஒரு தலையைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையே என்ற கணக்கும் இருக்கிறது. குருவை இழந்த சீடன் வைக்கிற கணக்கு போல எனக்குப் படுகிறது. இது என் ஊகம்தான். செனேகா வட்டத்தைச் சேர்ந்த கோர்னூட்டஸ், 'கேட்டோ' என்ற பிரெடெக்ஸ்டாவைப் படித்துக் காட்டிப் பெரிய இடத்து ஆட்களின் கோபத்துக்கு ஆளான மேட்டர்னஸ் என்று சில பெயர்களை ஆய்வாளர்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் ஒட்டவில்லை. காலத்தைப் பற்றியும் சண்டை உண்டு. நீரோ செத்த சூட்டோடு, அடுத்து வந்த கால்பா ஆண்ட மாதங்களில் எழுதியது என்பது பாட்ரிக் கிராகலுண்ட் போன்றவர்கள் கட்சி. ரோலாண்டோ ஃபெர்ரி 2003இல் வெளியிட்ட பெரிய உரையில், அதற்கும் பின் வந்த ஃபிளேவிய அரசர்கள் காலத்துக்குத் தள்ளி, அக்காலக் கவிஞர் ஸ்டேஷியஸ் கவிதைகளின் சாயல்கூட இருக்கிறது என்று வாதிட்டார். மக்கள் கலகத்தை இவ்வளவு நம்பிக்கையோடும் அது தோற்றதை இவ்வளவு கசப்போடும் எழுத, நிகழ்ச்சி பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று என் மனம் கால்பா பக்கம் சாய்கிறது. மொழிச் சான்றுகளைப் பார்த்தால் ஃபெர்ரி பலமான இடத்தில் நிற்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெயர் ஏன் இல்லை? அந்த நூற்றாண்டில் நாடகம் உயிரை வாங்கும். டைபீரியஸ் காலத்தில் மாமெர்கஸ் ஸ்காரஸ் எழுதிய 'ஏட்ரியஸ்' நாடகத்தின் சில அடிகள் தன்னைக் குறிப்பதாக அரசன் எடுத்துக்கொண்டான். 34இல் ஸ்காரஸ் தற்கொலை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அதுவும் புராணக் கதை. நேற்றைய அரசனையே பெயர் சொல்லி மேடையேற்றுகிறவன் தன் பெயரைப் போடாமல் விட்டிருக்கலாம். போட்டிருந்து, முதல் ஏடு உதிர்ந்தபோது அதோடு போயும் இருக்கலாம். எப்படியோ, பெயரில்லாத ஒரு நாடகம், செனேகா பாத்திரமாக வருகிற நாடகம், செனேகாவின் சொற்களால் இழைத்த நாடகம். அதைக் கையில் எடுத்த ஏதோ ஒரு காலத்துப் படியெடுப்பாளருக்கு எந்தக் கட்டில் சேர்ப்பது என்ற குழப்பமே வந்திருக்காது.

அந்தக் கட்டில் சேர்ந்ததுதான் அதற்கு உயிர் கொடுத்தது. மேட்டர்னஸ் பெயரோடு இருந்த 'கேட்டோ' எங்கே? அக்கியஸ் பெயரோடு இருந்தவை எங்கே? பெயர் இருந்தால் மட்டும் போதாது. இடைக்காலத் துறவிகள் கன்றுக்குட்டித் தோலைச் செலவழிக்கத் தயாராக இருக்கும் பெயராக இருக்க வேண்டும். செனேகா அப்படிப்பட்ட பெயர். அந்தப் பெயருக்கு அந்த மதிப்பு வந்ததிலும் ஒரு போலிக்குப் பங்கு உண்டு. செனேகாவும் புனித பவுலும் எழுதிக்கொண்டதாகச் சொல்லப்படும் பதினான்கு கடிதங்கள் நான்காம் நூற்றாண்டில் உலவின. புனித ஜெரோம் அவற்றைச் சொல்லி செனேகாவைத் தன் கிறிஸ்தவ ஆசிரியர்கள் பட்டியலில் சேர்த்தார். பவுலின் நண்பர் என்றால் ஏடு எழுதத் தடை என்ன? ஆக ஒரு போலிக் கடிதம் செனேகாவைத் தூக்கிவிட்டது, செனேகாவின் பெயர் இந்த அநாமதேய நாடகத்தைத் தூக்கிவிட்டது. 1643இல் வெனிஸில் மான்டெவெர்டியின் பொப்பேயா ஓபரா மேடையேறியபோது அதன் பாடலாசிரியர் புசெனெல்லோ டாசிட்டஸோடு சேர்த்து இதிலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

'ஈட்டா மலையில் ஹெர்குலிஸ்' பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. 1996 அடிகள். கிரேக்கம், ரோம் இரண்டிலும் நமக்குக் கிடைத்த நாடகங்களில் மிக நீளமானது இதுதான். நஞ்சு தோய்ந்த அங்கியில் ஹெர்குலிஸ் வெந்து, சிதையேறி, கடைசியில் தெய்வமாகிறான். மற்ற எட்டு நாடகங்களின் அடிகளும் சொற்றொடர்களும் இதில் வெட்டி ஒட்டியது போலக் கிடக்கின்றன. செனேகா முதுமையில் எழுதித் திருத்தாமல் விட்டது என்று சிலர் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அவரைப் படித்து ஊறிய ஒருவர் எழுதியது என்பதே பலர் முடிவு. நானும் அந்தக் கட்சி. ஆனால் சாம்பல் கலசத்தோடு தாய் ஆல்க்மீனா வந்து, இவ்வளவு பெரிய மகன் இத்தனூண்டு சாம்பலா என்று அழும் இடத்தை எழுதியவர் யாராக இருந்தாலும் கவிஞர்தான்.

இவற்றைப் படிக்க நினைக்கிறவர்கள் 'மெடியா'வில் தொடங்கலாம்; சின்னது, வேகமானது. நான் மெடியா ஆகிறேன் என்று அவள் சொல்லும்போது, யூரிபிடீஸின் 'மெடியா'வைப் படித்துவிட்டு வந்தவள் போல இருக்கிறாள் என்று ஜெர்மன் அறிஞர் விலமோவிட்ஸ் கேலி செய்தார். கேலி என்றாலும் சரியாகப் பிடித்திருக்கிறார். அடுத்து 'தைஸ்டஸ்', சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம். மூன்றாவதாகக் கருணை பற்றிய அந்தச் சிறு நூல். அதை முடித்த கையோடு 'ஆக்டேவியா'வை எடுங்கள். செனேகாவும் நீரோவும் மோதும் காட்சியில் எந்த வரி யாருடைய வாயிலிருந்து யார் கைக்குப் போயிருக்கிறது என்று நீங்களே பிரித்துவிடலாம்.